வலியைச் சிரித்துச் சொன்ன சன்னாரி அக்கா

தயவுசெய்து இதை யாரிடமும் காட்டாதீர்கள். முக்கியமாக என் அப்பா கண்ணில் பட்டுவிடக் கூடாது. இந்த வளைகுடா ஊரில், ரோலா பகுதியில் எங்கள் கட்டடத்தில் சன்னாரி அக்காவோடு லிஃப்டிலும் மொட்டை மாடியிலும் பேசிப் பழகியவர்களுக்காக மட்டும் எழுதுகிறேன்.

முந்தாநாள் பள்ளிப் பேருந்திலிருந்து இறங்கியதும் கீழ்க்கடை மலையாளி சேட்டன்தான் சொன்னார். "மோளே, சன்னாரி மரிச்சு போயி." மேலே ஓடினேன். அம்மா அரிசி களைந்துகொண்டிருந்தார். "ஆமா, ஆஸ்பத்திரியில. நீ போய் யூனிஃபார்ம மாத்து," என்றார். அவ்வளவுதான்.

கம்போடியாவிலிருந்து எங்கள் வீட்டு வேலைக்கு வந்தவர் அவர். எங்களோடு இருந்தே ஓரளவு தமிழ் பேசக் கற்றுக்கொண்டார். எனக்குப் பின்னல் போடுமுன் தினமும் கைகூப்பி, "தலை தொடலாமா?" என்று கேட்பார். "தினம் தினம் என்ன பர்மிஷன்?" என்று கேலி செய்தேன். "எங்க ஊர்ல உயிர் தலையில இருக்கு பாப்பா. கேக்காம தொட்டா பெரிய தப்பு," என்றார்.

அப்படிப்பட்டவர் தலையில் அம்மா ஒரு நாள் நறுக்கென்று குட்டினார். ஊறுகாய் ஜாடியை உடைத்துவிட்டாராம். அக்கா சிரித்தார். "இங்க பாருங்க, குட்டு வாங்கிட்டு இளிக்கிறா. என்ன திமிரு!" என்று அம்மா அப்பாவைக் கூப்பிட்டுக் காட்டினார். பிறகு பால்கனியில் துணி உலர்த்தும்போது அக்கா சொன்னது எனக்கு அப்படியே நினைவிருக்கிறது. "தப்பு பண்ணா சிரிப்போம். வெக்கமா இருந்தா சிரிப்போம். வலிச்சாலும்தான். நம்ம கஷ்டம் அடுத்தவங்க முகத்துக்குப் போகக் கூடாது." இதை அம்மாவிடம் சொன்னேன். "அவளுக்கு நீ வக்கீலா?" என்றார்.

போன வாரம் வயிற்றைப் பிடித்துக்கொண்டு சமையலறை வாசலில் வந்து நின்றார். முகத்தில் அதே சிரிப்பு. "மேடம், ரொம்ப வலி. டாக்டர் போகணும்."

"வலிக்கிறவ மூஞ்சியா இது? விருந்தாளி வராங்கன்னதும் நடிப்பு."

"அம்மா, அவங்க அப்படித்தான் சொல்வாங்க. நிஜமாவே வலிக்குது!"

"நீ போய்ப் படி."

அப்பா டிவியிலிருந்து திரும்பவே இல்லை. மறுநாளும் அக்கா சிரித்துக்கொண்டே கேட்டார். விருந்தாளிகளுக்குப் பூரி தேய்க்கும்போது விழுந்துவிட்டார். ஆம்புலன்ஸ் அதற்குப் பிறகுதான் வந்தது. குடல்வால் உள்ளேயே வெடித்துவிட்டதாம்.

நாளைக்கு அவர் தங்கை வருகிறார். அஜ்மானில் ஒரு சலூனில் வேலை செய்பவர். சாப்பிடும்போது அப்பா சொல்லிவிட்டார். "உடம்பு சரியில்லைன்னு அவ சொல்லவே இல்ல. யார் கேட்டாலும் இதான் பதில். கலாஸ், பேச்சு முடிஞ்சுது." பிறகு என் பக்கம் திரும்பினார். "உனக்கும்தான். வாயைத் திறந்தே, இந்தியாவுல ஹாஸ்டல்ல கொண்டுபோய்ப் போட்டுடுவேன்."

"எப்பவும் சிரிச்ச முகம், பாவம். நமக்கு எப்படித் தெரியும்?" என்றார் அம்மா. அந்தப் 'பாவம்' என்ற சொல்லைக் கேட்டதும் தட்டை எடுத்துக்கொண்டு எழுந்துவிட்டேன்.

எனக்கு ஹாஸ்டலை நினைத்தால் பயமாகத்தான் இருக்கிறது. ஆனால் அப்பா சொல்வதை நம்பினால் அந்தத் தங்கை காலம் முழுக்கத் தன் அக்காவையே குறை சொல்வார், ஏன் வாயைத் திறந்து சொல்லவில்லை என்று. அக்கா சொன்னார். மறுபடியும் சொன்னார். அவருடைய துணிமணிகளை அம்மா பையில் போட்டுக் கட்டிவிட்டார். என்னிடம் இருப்பது அவர் எங்களிடம் கேட்ட அந்தச் சொற்கள் மட்டும்தான். நாளை ஹாலில் எல்லோர் முன்னாலும் அவற்றை அவர் தங்கையிடம்

கதவைத் தட்டுகிறார்கள். அப்பாதான். நான்