மேடை விழுங்கிய வாசல்

எங்கள் மாமாவை நினைத்தால் இந்த வயதிலும் எனக்குப் பற்றிக்கொண்டு வருகிறது. அம்மாவின் ஒரே தம்பி என்பதற்காக வீட்டில் எல்லோரும் பொறுத்துக்கொண்டோம்.

ஈப்போவை அடுத்த செமோர் பக்கம், எங்கள் வீட்டார் வேலை பார்த்த தோட்டத்தில், ரப்பர்த் தகடுகளைப் புகை போட்டுக் காயவைக்கும் பழைய பலகைக் கொட்டகை ஒன்று சும்மா கிடந்தது. புதிதாகச் செங்கல்லில் ஒன்று கட்டியபின் அதைப் பெருச்சாளிகளுக்கு விட்டுவிட்டார்கள். ஈப்போவில் மலாய்க்காரர்களின் பங்சாவான் நாடகத்தை ஒரே ஒரு முறை பார்த்துவிட்டு வந்த மாமா, அந்தப் பழைய கொட்டகையைப் புது மாதிரி சங்கீத நாடகக் கொட்டகையாக மாற்றியே தீருவேன் என்று ஒற்றைக்காலில் நின்றார். ஒரு பலகையைக்கூடப் பெயர்க்கக் கூடாது என்று சொல்லித் தோட்டத்துத் துரை சம்மதித்தார்.

அன்றோடு எங்கள் நிம்மதி போயிற்று. சுண்ணாம்பு அடித்தார்கள். இரண்டே நாளில், பலகையில் ஊறிக் கிடந்த புகைக்கறை மஞ்சளாக வெளியே வந்தது. மறுபடி அடித்தார்கள், மறுபடி வந்தது. நாலாவது தடவை அப்பா சுண்ணாம்பு மட்டையை விட்டெறிந்துவிட்டுக் குளிக்கப் போய்விட்டார். கப்பியில் ஓடி மேலே ஏற வேண்டிய திரை பாதியில் நின்று, ராஜாவின் முழங்காலை மட்டும் காட்டியது.

இத்தனைக்கும் மாமாவுக்கு ஒரு பாட்டும் முழுசாக வராது. அவருக்கு ராணி வேஷம். அந்தக் காலத்தில் ஆண்கள்தானே பெண் வேஷம் கட்டினார்கள்! ராணி காட்டில் புலம்பும் பாட்டை அம்மாதான் மசாலா அரைத்துக்கொண்டே சொல்லிக்கொடுத்தாள். அம்மா பாடினால் எங்கள் லயத்து வரிசை வீடுகளில் நடக்கும் சண்டைகூட நின்றுவிடும். மாமா பாடினால் சண்டை மறுபடி தொடங்கும்.

ஒருநாள் அம்மா அரைப்பதை நிறுத்திவிட்டுக் கேட்டாள்.

"ஏன்டா தம்பி, அந்த ஒரு பாட்ட மட்டும் நானே வந்து பாடிட்டா என்ன?"

"வெளையாடாதக்கா. குடும்பத்துப் பொம்பள மேடையேறுனா லயத்துல நம்மள மதிப்பாங்களா?"

அதே மூச்சில், வேஷத்துக்கு அம்மாவின் கல்யாணச் சேலையைக் கேட்டார். அம்மா பெட்டியைத் திறந்து எடுத்துக் கொடுத்தாள்.

விடிகாலையில் ரப்பர் மரத்தில் பால் வெட்டப் போக வேண்டிய சனங்கள் என்பதால் ஞாயிறு மதியமே நாடகம். அன்றைக்குத்தான் மாமாவின் மூளை வெட்டவெளிச்சமானது. மேடை கிழக்குப் பார்த்துத்தான் இருக்க வேண்டும் என்று அடம்பிடித்து, மேற்குச் சுவரை ஒட்டிக் கட்டியிருந்தார். கொட்டகைக்கு இருந்த ஒரே வாசலும் மேற்கில்தான். பார்க்க வருகிறவர்கள் பின்திரையை விலக்கி, மேடைமேல் நடந்து, முன்னால் இறங்கித்தான் உட்கார வேண்டும். இத்தனை நாள் சுண்ணாம்பு அடித்தவர்களில் ஒருவருக்காவது இது உறைக்க வேண்டாமா?

ஆண்கள் சிரித்துக்கொண்டே நடந்து போனார்கள். பெண்கள் வெளியிலேயே நின்றுவிட்டார்கள். அத்தனை ஆம்பளைகளுக்கு முன்னால் மேடையில் எப்படிக் கால்வைப்பது? மாமா ராணி வேஷத்தில் வாசலுக்கு வந்து கையெடுத்துக் கும்பிட்டார். யாரும் அசையவில்லை. அம்மாதான் என் கையைப் பிடித்துக்கொண்டு முதலில் உள்ளே போனாள்.

ஜன்னலே இல்லாத கொட்டகையில் காஸ் விளக்கு எரிந்துகொண்டிருந்தது. மேடை நடுவில் அம்மா நின்றுவிட்டாள். கீழே இருந்த முகங்களைப் பார்த்தாள். நான் கையைப் பிடித்து இழுத்தேன். முந்தானையைச் சரிசெய்துகொண்டு மெதுவாகத்தான் இறங்கினாள். அவளைப் பார்த்து மற்றப் பெண்களும் தலையைக் குனிந்தபடி ஓடிக் கடந்தார்கள்.

அதோடு விட்டாளா? தண்ணீர் குடிக்க என்று ஒருமுறை போய் வந்தாள். வீட்டில் விட்டுவந்த என் குட்டித் தம்பி அழுவான் என்று இன்னொரு முறை. ஒவ்வொரு முறையும் நாடகம் நின்றது, கொட்டகையே சிரித்தது. எனக்கு மானம் போயிற்று. மூன்றாவது முறை, ராணி காட்டில் புலம்பும் நேரம் பார்த்து எழுந்து போய், மாமாவுக்குப் பக்கத்தில் நின்றுகொண்டாள்.

"அக்கா, எறங்கு" என்று மாமா பல்லைக் கடித்தார்.

"இரு, போறேன்" என்றாள். உடனே போகவில்லை.

மறு மாதம் மாமா துரையின் காலைக் கையைப் பிடித்து, கிழக்குச் சுவரில் பலகைகளைப் பெயர்த்துப் பெண்களுக்கென்று தனி வாசல் வைத்தார். அவர் வாழ்க்கையில் செய்த ஒரே உருப்படியான காரியம் என்று அப்பாவே ஒப்புக்கொண்டார். அம்மா மட்டும், "நான் வரல" என்று சொல்லிவிட்டு அரைப்பதைத் தொடர்ந்தாள்.

எனக்கு வந்த ஆத்திரத்துக்கு அளவில்லை. அன்றைக்கு ஓரிடத்தில் உட்காராமல் மானத்தை வாங்கியவள், வசதி செய்து கொடுத்தபின் வீம்பு பிடிக்கிறாளே! நானே புது வாசல் வழியாகப் போய்ப் பார்த்துவிட்டு ஓடி வந்தேன். அம்மியின் பக்கத்தில் குந்திக்கொண்டு, "இனிமே மேடையில ஒரு அடிகூட வைக்க வேணாம்மா" என்று திரும்பத் திரும்பச் சொல்லி அவளுக்கு ஆசை காட்டினேன்.