முத்தையா பெயரைச் சொல்லி வறுத்த மிளகாய்

என் கடைக்குச் சீல் வைத்த அன்று நான் அம்மனிடம் பழி கேட்டேன். மழுப்பாமல் முதலிலேயே சொல்லிவிடுகிறேன். காப்பாற்று தாயே என்று கேட்கவில்லை. அவனைச் சும்மா விடாதே என்றுதான் கேட்டேன்.

திண்டுக்கல்லில் நானும் என் வீட்டுக்காரரும் எரிந்துபோன தண்ணீர் மோட்டார்களுக்குச் செம்புக் கம்பி சுற்றிக் காயில் கட்டும் கடை வைத்திருக்கிறோம். கீழே கடை, மாடியில் வீடு. மோட்டாரைக் கழற்றி மாட்டுவது அவர், காயில் கட்டுவது நான். கொரோனா வந்த முதல் வருடம், சித்திரை மாதம். ஊரே அடைத்துக் கிடந்தது. விவசாய வேலைக்கு அனுமதி உண்டு என்றார்கள். விவசாயத்துக்குத் தண்ணீர் இறைக்கும் மோட்டார் எரிந்துபோனால் அதைச் சரிசெய்கிறவன் கடை திறக்கலாமா என்று யாரும் சொல்லவில்லை. நான் பாதி ஷட்டரை இறக்கிவிட்டு உள்ளே உட்கார்ந்து வேலை பார்த்தேன்.

எதிர்க்கடை முத்தையா புது மோட்டார் விற்கிறவன். அவன் கடை மூடிக் கிடந்தது. என் கடையில் விளக்கு எரிவதைத் தன் கடைக்கு மேலே இருக்கும் வீட்டு மாடியிலிருந்து பார்த்துக்கொண்டே இருந்தான். ஒரு வியாழக்கிழமை தாலுகா ஆபீசுக்குப் போன் போட்டுவிட்டான். வெள்ளிக்கிழமை காலை அதிகாரி ஆளோடு வந்து நின்றார்.

"சார், விவசாயத்துக்கு உண்டுன்னு டிவியில சொன்னாங்கள்ல? மோட்டார் இல்லாம வாயாலயா தண்ணி இறைப்பாக?" என்று கேட்டேன்.

"ஏம்மா, ஆர்டர்ல ஒன் கடை பேரு இல்ல. புகார் வந்துருக்கு. நான் என்ன பண்ண?" என்றார்.

சீல் வைத்தாகிவிட்டது. உள்ளே ஏழு மோட்டார்கள் கிடந்தன. அதில் ஒன்று ஆத்தூர்க்காரர் ஒருவருடையது. அவர் ஒரு ஏக்கர் கத்தரி போட்டிருந்தார். தினமும் போன் செய்வார். "தாயி, செடி தலையைத் தொங்கப் போட்டுருச்சு" என்பார். நான் என்ன பதில் சொல்ல? போனை வைத்துவிட்டு அழுவேன். அழுது முடித்ததும் ஆத்திரம் வரும். எதிர் மாடியில் முத்தையா பனியனோடு நின்று காபி குடிப்பான். எனக்கு வயிறு எரியும்.

எங்கள் பக்கம் அநியாயம் செய்தவன் பெயரைச் சொல்லி அம்மனுக்கு மிளகாய் அரைத்துப் பூசுவோம். கோயிலிலேயே அம்மி உண்டு. மிளகாயைத் தண்ணீர் விட்டு அரைத்து, ஆத்தாள் மேல் அப்பி, "எனக்கு எரியுற மாதிரி ஒனக்கும் எரியட்டும், நியாயத்தக் கேளு" என்று முறையிடுவோம். ஆனால் கோயிலும் பூட்டிக் கிடந்தது. சாமிக்கே அனுமதி இல்லாத காலம் அது. சரி, வீட்டிலேயே அரைத்து வைத்து, கோயில் திறந்ததும் பூசிக்கொள்ளலாம் என்று மாடி வாசலில் அடுப்பை வைத்தேன்.

அங்கேதான் புத்தி கெட்டுப்போனது. மிளகாய் என்றால் வறுத்துத்தானே கைக்குப் பழக்கம்? அரைக் கிலோ வற்றலை இரும்புச் சட்டியில் கொட்டி வறுத்தேன். "முத்தையா, முத்தையா" என்று சொல்லிச் சொல்லிக் கிளறினேன். அந்த வாய் அழுக வேண்டும், அந்தக் கை விளங்காமல் போக வேண்டும் என்று என்னென்னவோ சொன்னேன். மிளகாய் கருகியது. நெடி கிளம்பி நேரே எதிர்வீட்டுக்குப் போனது.

முத்தையா இருமிக்கொண்டே கீழே இறங்கி ஓடிவந்தான். அந்த நேரம் பார்த்துக் காய்ச்சல் கணக்கு எடுக்கும் பொம்பளைப் பிள்ளை எங்கள் தெருவில் வீடு வீடாக வந்துகொண்டிருந்தாள். இருமுகிற ஆளை விடுவாளா?

"மிளகாய் நெடிம்மா, வேற ஒண்ணுமில்ல" என்றான்.

"இருக்கட்டும்ண்ணே, நெத்தியக் காட்டுங்க" என்று கருவியை நீட்டினாள்.

காய்ச்சல் நெருப்பாகக் கொதித்தது. மூன்று நாளாக மாத்திரை போட்டு மறைத்திருக்கிறான், பாவி. ஆம்புலன்ஸ் வந்து ஏற்றிக்கொண்டு போனது. மறுநாள் கொரோனா என்று உறுதியானது. அவன் வீட்டு வாசலில் தகரம் அடித்தார்கள். பொண்டாட்டியும் இரண்டு பெண் பிள்ளைகளும் உள்ளே மாட்டிக்கொண்டார்கள். நான் மாடியில் நின்று பார்த்தேன். கை தட்ட வேண்டும் போல இருந்தது. தட்டவும் செய்தேன். ஆத்தா, உன் வேகமே வேகம் என்று கும்பிட்டேன்.

இரண்டு நாளில் அந்த வீட்டு மோட்டார் எரிந்துபோனது. முத்தையா பொண்டாட்டி ஜன்னலில் நின்று கூப்பிட்டாள்.

"அக்கா, சொட்டுத் தண்ணி இல்லக்கா. பிள்ளைக கை கழுவக்கூட இல்ல."

"ஒன் புருசன் கடையில புது மோட்டாரா அடுக்கி வச்சிருக்காருல்ல? எடுத்து மாட்டிக்க" என்றேன்.

அவள் ஜன்னலைச் சாத்தினாள். அன்றைக்கு எனக்குச் சோறு இறங்கவில்லை. மனசு இளகிவிட்டது என்று நினைக்காதீர்கள். அவனோடு தீர வேண்டிய பழிக்கு அந்தப் பிள்ளைகள் குறுக்கே வந்துவிட்டார்களே என்ற எரிச்சல்தான்.

மறுநாள் காலையில் சீல் வைத்த அதே அதிகாரி என் வாசலில் வந்து நின்றார். மூன்று மெக்கானிக்கைக் கேட்டாராம், கொரோனா வீடு என்று ஒருவரும் வரவில்லையாம்.

"நீங்க கொஞ்சம் பாக்கணும்மா" என்றார். ‘ஏம்மா’ போய், ‘நீங்க’ வந்திருந்தது.

"ஆர்டர்ல என் கடை பேரு இல்லையே சார்" என்றேன்.

அவர் தலையைக் குனிந்துகொண்டார். நான் விடவில்லை. "ஜாமான் பூராம் கடைக்குள்ள இருக்கு. வச்ச சீல நீங்களே பிய்ங்க. மோட்டார் ரிப்பேருக்கு அனுமதி உண்டுன்னு கையெழுத்துப் போட்டு, முத்திரை குத்திக் குடுங்க. அப்புறம் வாரேன்" என்றேன். யார் யாருக்கோ போன் பேசினார். பிறகு கையெழுத்தும் முத்திரையுமாகத் தாளைக் கொடுத்துவிட்டு, தெருவே பார்க்க, தன் நகத்தாலேயே சீலைச் சுரண்டிப் பிய்த்தார்.

முகக்கவசம், கையுறை எல்லாம் மாட்டி என் வீட்டுக்காரர் மோட்டாரைத் தூக்கிக் கொண்டுவந்தார். நான் காயில் கட்டினேன். இதற்கா தாயே நான் மிளகாய் வறுத்தேன் என்று ஒவ்வொரு சுற்றுக்கும் ஆத்தாளைத் திட்டினேன். சாயங்காலம் தொட்டியில் தண்ணீர் விழுந்த சத்தத்தைக் கேட்டு அந்தப் பிள்ளைகள் கத்தினார்கள். எனக்கு அழுகை பொத்துக்கொண்டு வந்தது. அடுத்த நாளே ஆத்தூர்க்காரர் மோட்டாரும் போய்ச் சேர்ந்தது. பாதிச் செடி தப்பியது.

முத்தையா பாதி ஆளாக இளைத்துத் திரும்பி வந்தான். தெருவுக்கு அந்தப் பக்கமே நின்றான்.

"அக்கா, நாந்தான் போன் போட்டேன்."

"தெரியும்."

"இருந்தும் எம்புள்ளைகளுக்குத் தண்ணி விட்டிருக்கீக."

"தண்ணி புள்ளைகளுக்கு. ஒனக்கு நான் செஞ்சது அந்த மிளகாய்தான். ஒம் பேரச் சொல்லித்தான் வறுத்தேன்."

அவன் சொன்னான்: "அந்த நெடிதான்க்கா என்னைய வெளிய இழுத்துச்சு. இன்னும் ரெண்டு நாள் மறைச்சிருந்தா ஆள் தேறிருக்க மாட்டான்னு டாக்டர் சொன்னாரு."

எனக்கு வந்த கோபத்தைக் கேட்காதீர்கள். அவன் மேல் இல்லை, ஆத்தாள் மேல். நான் பழி கேட்டால் இவள் அவனுக்கு உயிரைக் கொடுத்திருக்கிறாள்! கோயில் திறந்த அன்று முதல் ஆளாகப் போய்ச் சண்டை போட்டேன். "நான் கேட்டது என்ன, நீ செஞ்சது என்ன?" என்று கத்தினேன். பூசாரி பயந்துபோய்ப் பார்த்தார். கத்தி முடித்தபோதுதான் உறைத்தது. என் கடை திறந்திருக்கிறது. சீல் வைத்த கையே அதைப் பிய்த்திருக்கிறது. கேட்டதற்கு மேலேயே கொடுத்துவிட்டாள். அங்கேயே விழுந்து கும்பிட்டேன்.

மறு வருடமும் ஊரடங்கு வந்தது. புதிதாக வந்த போலீஸ்காரர் ஒருவர் தடியால் என் ஷட்டரைத் தட்டி, "யாரு தொறக்கச் சொன்னா?" என்று அதட்டினார். நான் வாயைத் திறக்கும் முன்னால் எதிரே முத்தையா இறங்கி வந்தான். அவன் கடை அன்றும் மூடித்தான் கிடந்தது.

"சார், அது வெள்ளாமைக்கு மோட்டார் கட்டுற கடை. அனுமதி இருக்கு. மூடுனா நாலு ஊரு காஞ்சு போகும்" என்றான்.

ஆத்தாளை நம்பும் சொந்தங்களே, உங்களுக்கும் ஆத்திரம் இருந்தால் அதை அவளிடமே கொண்டுபோய்க் கொட்டுங்கள். அவளுக்கு முன்னால் நல்லவர் வேடம் வேண்டாம். ஆனால் எப்படித் தண்டிப்பது என்று அவளுக்குப் பாடம் எடுக்காதீர்கள். நான் முத்தையாவை இன்னும் முழுதாக மன்னிக்கவில்லை. தினமும் காலையில் நான் ஷட்டரைத் தூக்கும்போது, "என்னக்கா, சாப்டீகளா?" என்று எதிரிலிருந்து கேட்கிறான். சில நாள் பதில் சொல்கிறேன்.