நிழல் கேட்டவள்

எங்கள் சித்தப்பாவுக்கு அகதிகள் என்றாலே ஆகாது. பெரம்பலூர் பஸ் ஸ்டாண்டுக்கு எதிர்த்த டீக்கடையில், "நமக்கே சோத்துக்கு வழியக் காணோம், கடல் தாண்டி வர்றவனையெல்லாம் உள்ள விட்டா நாடு தாங்குமா?" என்று தினமும் ஒருமுறை நாட்டைக் காப்பாற்றிவிட்டுத்தான் வேலைக்குப் போவார். அப்போது அவர் சட்டைப் பையில் பாஸ்போர்ட் இருக்கும். குவைத்துக்கு விசா கேட்டு லப்பைக்குடிகாட்டு ஏஜென்டிடத்துக்கும் வீட்டுக்குமாக ஒரு வருடமாக அலைந்துகொண்டிருந்தார்.

"குவைத்காரனும் இப்படியே டீக்கடையில உக்காந்து யோசிச்சா என்ன பண்ணுவீங்க சித்தப்பா?" என்று ஒருநாள் கேட்டுவிட்டேன். அன்றோடு அவர் சாயங்காலம் எனக்கு வாங்கிவரும் பஜ்ஜி நின்றுபோனது.

என் வாய் அப்படி. 'வாயுள்ள பிள்ளை பிழைக்கும்' என்று அம்மா ஒரு காலத்தில் பெருமையாகச் சொல்லிக்கொண்டிருந்தாள். நான் காலேஜ் போக ஆரம்பித்த பிறகு அதைச் சொல்லும்போதெல்லாம் கூடவே ஒரு பெருமூச்சும் வந்தது.

பிளஸ் டூ வரை என் பெஞ்சில் உட்கார்ந்தவள் இலங்கை அகதிகள் முகாமில் இருந்தாள். எட்டு வயதில் அம்மாவோடு படகில் வந்தவள். வகுப்பில் எனக்கு நேர் எதிர். டீச்சர் தப்பாகக் கூட்டினால் நான் கையைத் தூக்குவேன், அவள் தன் நோட்டில் மட்டும் சரியாகப் போட்டுக்கொள்வாள். அவளுக்கு ஒரே ஆசை, நர்ஸ் ஆக வேண்டும். திருச்சியில் ஒரு மிஷன் ஆஸ்பத்திரியின் நர்சிங் படிப்புக்கு விண்ணப்பம் போட்டாள். நேர்முகத் தேர்வுக்கு வரச்சொல்லிக் கடிதமும் வந்தது.

வந்த தேதியில்தான் வினை. அன்றைக்கு முகாமில் மாதாமாதம் தலை எண்ணும் நாள். ஆபீசர் வந்து மேசை போட்டு உட்காருவார், அகதி கார்டில் பெயர் இருக்கும் ஒவ்வொருவரும் அவர் முன்னால் வந்து முகம் காட்ட வேண்டும். அன்று இல்லாதவர் பெயரை அடித்துவிடுவார்கள். அடித்த பெயரைத் திரும்ப ஏற்றுவதற்குள் உயிர் போய்விடும். வெளியூர் போக அனுமதி கேட்டு அவள் எழுதிய மனு எந்த ஃபைலுக்கடியில் தூங்கிக்கொண்டிருந்ததோ, பதிலே வரவில்லை. பெயரா, படிப்பா என்று இரண்டு நாள் அழுதாள்.

"நான் போய் நிக்கிறேன்டி" என்றேன்.

அழுகையை நிறுத்தி என்னைப் பார்த்தாள். நான் விளையாட்டாகச் சொல்லவில்லை. அதாவது, முக்கால்வாசி விளையாட்டாகத்தான் சொன்னேன். ஆனால் கணக்கு சரியாக வந்தது. கார்டில் இருந்த படம் எட்டு வயதில் எடுத்தது. கவுன் போட்டு முறைத்துக்கொண்டிருக்கும் அந்தக் குழந்தை யாராக வேண்டுமானாலும் வளர்ந்திருக்கலாம். ஆபீசரும் மாற்றலாகி வந்த புது ஆள்.

அன்று காலை என் புதுச் சுடிதாரைப் போட்டுக்கொண்டு அவள் திருச்சி பஸ் ஏறினாள். அவளுடைய வெளுத்த சுடிதாரில் நான் முகாமுக்குப் போனேன். அவள் அம்மா என் தலையில் எண்ணெய் வழிய வழியத் தேய்த்து இரட்டைச் சடை போட்டுவிட்டார்.

"தலையைக் குனிஞ்சு நில்லு பிள்ளை. பேர் கூப்பிட்டால் 'ஓம் ஐயா' எண்டு மட்டும் சொல்லு. வேற ஒண்டும் கதைக்காதை. விளங்குதோ?"

"ஓம்" என்றேன், நாடகத்தில் வேஷம் கிடைத்த குஷியில்.

சித்திரை வெயில். ஆபீசருக்கு மட்டும் ஒரு சாமியானா. நாங்கள் நூற்றுக்கணக்கான பேர் வரிசையாக வெட்டவெளியில். பத்தடி தள்ளி ஒரு பெரிய வேப்பமரம் இருந்தது. அதன் நிழலில் ஆபீசரின் ஜீப் நின்றுகொண்டிருந்தது. ஒரு மணி நேரமாக ஒருவரும் முணுமுணுக்கக்கூட இல்லை. எங்கள் ரேஷன் கடை வரிசையாக இருந்திருந்தால் இதற்குள் நாலு சண்டையும் ஒரு பஞ்சாயத்தும் முடிந்திருக்கும்.

எனக்கு முன்னால் நின்ற வயதான அம்மா ஒருவர் தள்ளாடி, அப்படியே மண்ணில் உட்கார்ந்துவிட்டார். "ஏய், எந்திரி! நின்னாதான் எண்ண முடியும்" என்று ஆபீசர் கத்தினார்.

அவ்வளவுதான். நான் யாராக நிற்கிறேன் என்பதே மறந்துபோனது.

"ஏன் சார் அவங்களத் திட்டுறீங்க? ஜீப்ப எடுத்துட்டு மேசைய அந்த மரத்தடியில போட்டா எல்லாரும் நிழல்ல நிப்போம்ல?"

வரிசை முழுவதும் திரும்பி என்னைப் பார்த்தது. சிநேகிதியின் அம்மா கண்ணை மூடிக்கொண்டார். ஆபீசர் பேனாவை வைத்துவிட்டு என்னைப் பக்கத்தில் கூப்பிட்டார். கார்டைப் பார்த்தார், என்னைப் பார்த்தார்.

"எத்தன வருஷமா கேம்ப்ல இருக்க?"

"பதினோரு வருஷம்... ஐயா."

"பதினோரு வருஷம் இங்க இருந்தவ இப்படிப் பேச மாட்டாளே" என்றார் மெதுவாக.

ஒரு பெயர், ஒரு படிப்பு, ஒரு அம்மா, எல்லாம் அந்தப் பேனா முனையில் இருந்தன. அவர் என்னை இன்னும் ஒருமுறை மேலும் கீழும் பார்த்துவிட்டு டிக் அடித்தார். இரக்கமா, புகார் எழுதினால் நாலு காப்பி எடுக்க வேண்டுமே என்ற சோம்பலா, இன்றுவரை எனக்குத் தெரியாது. கார்டை நீட்டும்போது, "அடுத்த தடவை வாயை மூடிக்கிட்டு நில்லு" என்றார்.

சாயங்காலம் அவள் இடம் கிடைத்த சந்தோஷத்தில் ஓடிவந்தாள். நான் என் வீரப்பிரதாபத்தை நடித்தே காட்டினேன். அவள் சிரிக்கவில்லை.

"நீ கதைச்சிட்டு வீட்டை போயிடுவாய். வாற மாசம் அந்த இடத்திலை நிக்கிறது நான்" என்றாள். "ஹாஸ்டல்லை தங்கிப் படிக்க அந்த ஆள்தான் கையெழுத்துப் போடோணும், தெரியுமோ?"

தெரியாது. எனக்கு அது தெரிந்திருக்கவே இல்லை. யாரை நாட்டுக்குள் விடலாம் என்று சித்தப்பா டீக்கடையில் சட்டம் போடுவதைப் பார்த்துச் சிரித்தவள் நான். உள்ளே விட்ட பிறகு எத்தனை வருடம் வாயை மூடிக்கொண்டிருக்க வேண்டும் என்று நானும் யோசித்ததில்லை. வெட்கமாக இருந்தது. அந்த மாதம் முழுக்க எனக்குச் சோறு இறங்கவில்லை. வீட்டில் காதல் என்று சந்தேகப்பட்டார்கள்.

அடுத்த எண்ணிக்கையன்று நடந்ததை அவளே வந்து சொன்னாள். மேசை வேப்பமரத்தடியில் கிடந்ததாம். அவள் முறை வந்ததும் ஆபீசர் கார்டில் பெயரைப் பார்த்து நிமிர்ந்து, "நிழல் கேட்டவ நீதானே?" என்று கேட்டிருக்கிறார்.

"ஓம் ஐயா" என்று இவள் சொல்லியிருக்கிறாள். வேறு என்ன சொல்ல முடியும்?

"அப்ப கடைசில நில்லு."

எல்லோரையும் எண்ணி முடிக்கும்வரை நின்றிருக்கிறாள். எனக்கு அழுகை வந்துவிட்டது. "நிழலிலைதானே நிண்டனான், அழாதை" என்று அவள்தான் என்னைத் தேற்றினாள்.

கடைசியில் ஹாஸ்டல் பேப்பரை நீட்டினாளாம். அவர் அதைப் படித்துவிட்டு, "அங்கேயும் போய் இப்படித்தான் வாயடிப்பியா?" என்று கேட்டிருக்கிறார்.

பதினோரு வருடம் வாய் திறக்காதவள், தலையை நிமிர்த்தி அவர் முகத்தைப் பார்த்துச் சொன்னாளாம்:

"இல்லை ஐயா. அங்கை எனக்குப் பதிலா நிண்டு கதைக்க ஆள் இல்லை. இனி நான்தான் கதைக்கோணும்."

கையெழுத்து வாங்கும்வரை அவருடைய பேனாவையே பார்த்துக்கொண்டு நின்றாளாம். அவர் போட்டுப் பேப்பரை நீட்டினாராம்.