சுடுமல்லி தாங்கி

சந்தேகத்துக்குரிய விதையை அழிப்பதற்கு முன், அதை வரவழைத்தவருக்கு எழுத்து மூலம் தெரிவித்து, அவருடைய விளக்கம் வரும்வரை பூட்டிய அறையில் வைத்திருக்க வேண்டும். இது விதி. கையேட்டில் எந்தப் பக்கத்தில், எந்த உட்பிரிவில் இருக்கிறது என்று இப்போதும் சொல்வேன். புதிதாகச் சேர்ந்தவர்களுக்கு அதைப் பாடம் நடத்தியவன் நான்தான். எது அறை, எது பூட்டு என்பதற்கே அரை மணி நேரம் எடுத்துக்கொள்வேன்.

துறைமுகத்தில் வந்திறங்கும் விதைகளையும் செடிகளையும் சோதித்து ஊருக்குள் விடுவது எங்கள் அலுவலக வேலை. நான் ஓய்வு பெறுவதற்கு முந்தைய ஆண்டு, ஆவணியில், ஆப்பிரிக்காவிலிருந்து ஒரு சிறு பெட்டி வந்தது. உள்ளே துணிப்பைகளில் மக்காச்சோள விதை. வரவழைத்தவர் பெரம்பலூர்ப் பக்கம் ஒரு பண்ணையில் மக்காச்சோளத்தைக் கலப்புச் செய்து புது ரகம் உண்டாக்கும் பெண். அழகான கையெழுத்தில் தமிழில் ஒரு பட்டியல் அனுப்பியிருந்தார். ஒவ்வொரு பைக்கும் எதிரே ‘சுடுமல்லி தாங்கி’ என்றிருந்தது.

சுடுமல்லி பெயருக்குத்தான் மல்லி. மண்ணுக்கடியில் சோளத்தின் வேரில் ஒட்டிக்கொண்டு உறிஞ்சும் களை. அது வெளியே தலைகாட்டும்போது பயிர் பாதி செத்திருக்கும். அதன் விதை தூசி மாதிரி. சலித்துக் கழுவி நுண்ணோக்கியில் பார்த்தால்தான் தெரியும். நான் பார்க்கவில்லை. அவரே எழுதிவிட்டாரே! தாங்கி என்றால் ஏந்தி வருவது. எனக்கா தமிழ் தெரியாது? ‘களைவிதை கலந்திருப்பதை வரவழைத்தவரே ஒப்புக்கொண்டுள்ளார். எரிக்கலாம்’ என்று கோப்பில் எழுதினேன். வாசகம் நன்றாக அமைந்ததாக ஒரு திருப்தி வேறு.

கழித்த விதையை எரிக்கும் உலையைப் பார்த்துக்கொண்டவர் ராயபுரத்துக்காரர், என்னைவிட இரண்டு மூன்று வயது இளையவர். ஒரு பையைப் பிரித்து உள்ளங்கையில் கொட்டிப் பார்த்தார்.

“இன்னா சார், முத்து மாரி கீது. இத்தப் போயி கொளுத்தச் சொல்ற?”

“தாங்கின்னு எழுதியிருக்கு பாரு. சுடுமல்லியைச் சுமந்துக்கிட்டு வந்திருக்கு.”

“தாங்கின்னா சொமக்கறதா? என் பொண்டாட்டி முப்பது வருசமா என்ன தாங்கிக்கினு கீறா. இடுப்புல தூக்கி வச்சிக்கினா சுத்துறா?”

சுற்றி நின்றவர்கள் சிரித்தார்கள். நானும் சிரித்தேன். சிரித்துக்கொண்டிருக்கும்போதே விளங்கிவிட்டது. வறட்சி தாங்கும் பயிர் என்று எத்தனை முறை படித்திருக்கிறேன். களை பிடித்தாலும் சாகாமல் விளையும் மக்காச்சோளம் என்றுதான் அந்தப் பெண் எழுதியிருந்தார்.

தெரியாமல் செய்தேன் என்று சொல்லும் வசதி அந்த நிமிடத்தோடு எனக்குப் போய்விட்டது. உத்தரவை நிறுத்த ஒரு படிவம் உண்டு. அதில் ‘காரணம்’ என்று ஒரு கட்டம். அங்கே என் பிழையை எழுதி, என்னைவிட இளையவரான மேலதிகாரியின் முன்னால் கையெழுத்துக்கு நிற்க வேண்டும்.

“இன்னா சார், போட்டுறவா?”

“போடு,” என்றேன்.

சில விதைகள் பொரிந்தன. லாரியை ஓரங்கட்டிவிட்டுக் காத்திருந்த டிரைவர் ஒருவர் சோளப்பொரி வாசனை பிடித்து எட்டிப் பார்த்தார். “இன்னா மாமு, இன்டர்வெல்லா?”

மறுவாரம் அந்தப் பெண் வந்தார்.

“விதை எப்ப சார் கிடைக்கும்? புரட்டாசிப் பட்டத்தை விட்டா ஒரு வருசம் போயிரும். மலை ஊருங்களுக்கு சார். கல்லு மண்ணு, உரம் போட வழியில்ல, சுடுமல்லி வேற. இது கோழிக்கில்ல, கூழுக்கு. பிள்ளைங்களுக்கு வேண்டிய புரதம் இதுல கூட இருக்கு.”

எரித்தாயிற்று என்றேன். கோப்பைக் காட்டினேன். என் வாசகத்தை இரண்டு முறை படித்தார்.

“தாங்கின்னா என்னன்னு ஒரு போன் போட்டுக் கேட்டிருக்கலாமே சார்.”

“ஆட்சேபணை இருந்தா எழுத்துல கொடுங்க.”

என்னிடமே தாள் வாங்கி எழுதினார். ஆப்பிரிக்காவிலிருந்து அனுப்பியவரிடம் மிச்ச விதை இருந்தது. ஆனால் என் குறிப்பால், களை கலந்த விதை வரவழைத்தவர்கள் பட்டியலில் இவர் பெயர் ஏறிவிட்டது. அதில் இருப்பவருக்கு மறுபடி அனுமதி கிடையாது. பெயரை நீக்கச் சொல்லித்தான் கேட்டிருந்தார். ‘பரிசீலனையில்’ என்று குறித்துக் கோப்புக்குள் வைத்தேன். நான் ஓய்வு பெற்ற நாளிலும் அது அங்கேயே கிடந்தது. பிரிவுபசாரத்தில் என்னை நடமாடும் விதிப்புத்தகம் என்றார்கள். மாலையை ஏற்றுக்கொண்டு நன்றி சொன்னேன்.

இரண்டு புரட்டாசிகள் போயின. போன வருடம் தண்டையார்பேட்டையில் ஷேர் ஆட்டோவில் ஏறினால், எதிரே உலைக்காரர்.

“அந்தப் பொண்ணு ரெண்டு தபா வந்துச்சு சார். உன்னத்தான் கேட்டுச்சு. ரிட்டயர்டு ஆயிட்டாருன்னேன். அப்பால யாருகிட்ட கேக்கறதுன்னுச்சு. எனக்கு இன்னா தெரியும்?”

நான் இறங்க வேண்டிய இடம் தாண்டித் திருவொற்றியூர் தேரடி வந்துவிட்டது. மறுநாள் என் பழைய அலுவலகத்துக்குப் பதிவுத் தபாலில் எழுதினேன். விதையில் குற்றமில்லை, குறிப்பு என் பிழை, பிழை என்று தெரிந்த பிறகும் எரிக்கச் சொன்னேன், அவர் பெயரை நீக்குங்கள். நகல் ஒன்றை அந்தப் பெண்ணுக்கு அனுப்பினேன். அவர் எதுவும் எழுதவில்லை. ஏன் எழுத வேண்டும்?

அலுவலகத்திலிருந்தும் ஒன்றுமில்லை. நினைவூட்டல் எழுதினேன். நேரில் போனபோது, நான் பாடம் நடத்திய ஒருவரே, “பரிசீலனைல இருக்கு சார்,” என்று நாற்காலி போட்டு உட்கார வைத்தார். ஆவணி முடிந்தது. மூன்றாம் புரட்டாசியும் விதையில்லாமல் முடிந்தது.

பெயர் நீக்கப்பட்டது, வரவழைத்தவர் புதிதாக விண்ணப்பிக்கலாம் என்ற இரண்டு வரிப் பதில் என் கைக்கு வந்தது கார்த்திகை மாதத்தின் முதல் திங்கட்கிழமை.