கொடி விழும்வரை

என் மாமியார் மாதிரி மாடு வளர்க்க ஆளில்லை என்று மல்லசமுத்திரம் பக்கமெல்லாம் சொல்வார்கள். கேட்டாலே எனக்குப் பற்றிக்கொண்டு வரும்.

கல்யாணத்தின்போது என் அப்பா ஓட்டிவிட்ட மாடு, போன மாசியில் மூன்றாம் ஈற்று ஈன்றது. முதல் இரண்டும் காளைக்கன்று; பால் மறக்கும் முன்பே மாமியார் விற்றுத் தள்ளினாள். இந்தத் தடவை கிடேரி, நெற்றியில் வெள்ளைச் சுட்டி. அந்த மாடும் அது போடுவதும்தான் அந்த வீட்டில் என்னுடையவை. கிடேரி பிறந்தால் நான்தான் வளர்ப்பேன் என்று முன்பே சொல்லி வைத்திருந்தேன்.

விடிந்ததும் பிறந்த கன்று, தட்டுத்தடுமாறி எழுந்து மடியைத் தேடியது. வாய் வைக்கப் போன நேரத்தில் மாமியார் கழுத்தில் கயிற்றைப் போட்டுத் தரதரவென்று இழுத்துப்போய்த் தூணில் கட்டினாள்.

“அத்தை, ஊட்ட உடுங்க. சீம்பால ஒடனே குடிச்சாத்தான் கன்னுக்குட்டி தேறும்னு மாட்டு டாக்டரு சொன்னாருங்க.”

“நஞ்சுக்கொடி உழுவாம ஊட்டவுட்டா கொடி உள்ளயே நின்னுக்கும். நா பாக்காத மாட்டையா அவன் பாத்துட்டான்? போய்ச் சுடுதண்ணி வெய்யி புள்ள.”

கணவரிடம் போனேன். “ஏனுங்க, நீங்களாச்சும் சொல்லுங்க.”

“அம்மா சொன்னாச் சரியாத்தான் இருக்கும்” என்று பைக்கை எடுத்துக்கொண்டு கிளம்பிவிட்டார். மகராசன்!

கன்று கத்தியது. மாடும் கத்தியது. மத்தியானத்துக்கு மேல் கன்று கத்துவதை விட்டுப் படுத்துவிட்டது. கொடி விழுந்தபோது பொழுது சாய்ந்திருந்தது. அப்போதும் குண்டா நிறையக் கறந்துகொண்டுதான் மிச்சத்தைக் கன்றுக்கு விட்டாள். அதற்கு உறிஞ்சத் தெம்பில்லை.

மூன்றாம் நாள் கழிச்சல் கண்டது. ஊசிக்கும் நிற்கவில்லை. ஐந்தாம் நாள் தென்னை மரத்தடியில் புதைத்தோம். “எவ கண்ணு பட்டுச்சோ, நாசமாப் போவா” என்று மாமியார் மண்ணை வாரித் தூற்றினாள். கண்ணாவது மண்ணாவது!

இன்றைக்கும் அவள் முகத்தைப் பார்த்தால் எனக்கு வயிறு எரிகிறது. ஆனால் அந்தக் கயிற்றை அவிழ்க்க எவ்வளவு நேரம் ஆகியிருக்கும்? நான் அவிழ்க்கவில்லை. போய்ச் சுடுதண்ணீர் வைத்தேன். அன்று விளக்கு வைத்த நேரம், அந்தக் குண்டாச் சீம்பாலில் கருப்பட்டி போட்டுக் கிண்டித் தட்டில் வைத்து நீட்டினாள். வாங்கித் தின்றேன். ருசியாகத்தான் இருந்தது.