பெயரை மட்டும் மறைத்தேன்

முனைவர் பட்டத்துக்கு நான் எடுத்த தலைப்பைச் சொன்னபோது வீட்டில் சிரித்தார்கள். கைபேசியில் குழுவாக விளையாடுகிறவர்களிடம் தலைமை எப்படி உருவாகிறது, அதே ஆட்கள் வேலைக்கு வரும்போது அந்தத் தலைமையும் கூட வருகிறதா என்பதுதான் கேள்வி. சுட்டு விளையாடுவதற்கெல்லாம் டாக்டர் பட்டம் தருகிறார்களா என்று சித்தப்பா கேட்டார். எனக்குக் கோபம் மூக்குக்கு மேல் வந்தது. பேசாமல் அவர் சொன்னதைக் கேட்டு வேறு தலைப்பு எடுத்திருக்கலாம்.

நெருப்பெரிச்சல் என்ற ஊர்ப் பக்கம் ஒரு பனியன் கம்பெனியில் மூன்று மாதம் கைமடியாகச் சேர்ந்தேன். தையல்காரர்களுக்குத் துணியை எடுத்துக் கொடுப்பது, நூலைக் கத்தரிப்பது, தைத்ததை மடித்து அடுக்குவது, இதுதான் கைமடி வேலை. ஆராய்ச்சிக்காக வந்தவள் என்று தையல் மிஷின் லைனில் எல்லோருக்கும் தெரியும். அதை நான் மறைக்கவில்லை, அந்த மட்டுக்கு யோக்கியம்தான். கம்பெனி என்னிடம் கேட்டது ஒன்றே ஒன்று. முடிவில் ஒரு சின்ன அறிக்கை தர வேண்டும்.

மத்தியானச் சாப்பாட்டைப் பத்தே நிமிடத்தில் அள்ளிப் போட்டுக்கொண்டு, மதிலோரம் நிழலில் நாலு பேர் கைபேசியில் சுட்டு விளையாட உட்கார்ந்துவிடுவார்கள். ஒருவன் தேனிப் பக்கத்திலிருந்து வந்த தையல்காரத் தம்பி, இருபத்தாறு வயது. இரண்டு பேர் பீகார்க்காரர்கள். நாலாவது ஆள் அயர்ன் பிரிவுப் பெண். பாதித் தமிழ், பாதி இந்தி, மிச்சம் கெட்ட வார்த்தை. தேனித் தம்பி சத்தமே போட மாட்டான். ஆனால் அவன் சொன்ன பக்கம்தான் மூவரும் ஓடுவார்கள். ஒருத்தர் அடிபட்டு விழுந்தால், எத்தனை குண்டு வந்தாலும் அவன் திரும்பிப் போய்த் தூக்கிவிடுவான். தூக்கப் போய் அவனே செத்து ஆட்டம் போன நாட்கள்தான் அதிகம். அதற்காக ஒருவரும் அவனை ஏசியதில்லை.

லைனிலும் அவன் அப்படித்தான் இருந்தான். அவன் பக்கத்தில், வாசலிலிருந்து நாலாவது மிஷினில் ஓர் அக்கா. பதினெட்டு வருடமாக அந்தக் கம்பெனியில் ஓவர்லாக் மிஷினில் துணி ஓரம் அடிப்பவர். சர்க்கரை வியாதியில் வலது கை விரல்கள் மரத்துப் போயிருந்தன. துணி நழுவுவதே அவருக்குத் தெரியாது. தம்பி தன் துணிப் பண்டலை முடித்துவிட்டு, அக்காவின் பண்டலில் ஒரு கைப்பிடி எடுத்துத் தைத்து, பேச்சுக்கொடுத்தபடியே அவர் பக்கம் வைத்துவிடுவான். எதிரே இருந்தவளும் எடுப்பாள். பீகார்க்காரர்களும் எடுப்பார்கள். சாயங்காலம் பார்த்தால் அக்காவின் கணக்கு எல்லோருக்கும் சமமாக இருக்கும். இதை யாரும் ஏற்பாடு செய்யவில்லை, யாரும் பேசிக்கொண்டதும் இல்லை. மேனேஜருக்கு மட்டும் தெரியாது. "டெய்லரா வந்தனுங்க, டெய்லராவே போயிரோணும். கைமடிக்கு எறங்குனா எனக்கு உசுரு போன மாதிரிங்க அம்மிணி" என்று அக்கா ஒருநாள் என்னிடம் சொல்லியிருந்தார்.

நான் என்ன செய்தேன்? படம் வரைந்தேன். மிஷினுக்கு ஒரு வட்டம், உதவி போகும் திசைக்கு ஓர் அம்புக்குறி. வரைந்து முடித்தபோது எல்லா அம்புகளும் ஒரே வட்டத்தில் போய் முட்டின. என் நெறியாளர் அதைப் பார்த்துவிட்டு நாற்காலியிலிருந்து எழுந்தே விட்டார். எனக்குத் தலைகால் புரியவில்லை. அதே படத்தை அப்படியே கம்பெனி அறிக்கையிலும் ஒட்டினேன். ஆராய்ச்சி ஒழுங்கு எனக்குத் தெரியாதா என்ன! பெயர் ஒன்றுகூட இல்லை, எல்லாம் எண்கள். ஆனால் வட்டங்களை மிஷின்கள் இருந்த வரிசையிலேயே போட்டிருந்தேன். லைனில் யாரும் இடம் மாறி உட்கார மாட்டார்கள். வாசலிலிருந்து எண்ணினால் யார் எந்த வட்டம் என்று சின்னக் குழந்தைகூடச் சொல்லிவிடும். என் புத்தியைச் செருப்பால் அடிக்க வேண்டும்.

அந்த வாரமே மேனேஜர் தம்பியை அலுவலகத்துக்குக் கூப்பிட்டு அனுப்பினார். திரும்பி வரும்போது அவன் சூப்பர்வைசர். அவன் எண்ணுக்கு நேரே, தலைமைப் பண்பு உள்ளவர் என்று அறிக்கையில் எழுதியவள் நான்தான். மறுநாள் காலை மேனேஜர் நேராக அக்காவின் மிஷினுக்கு வந்தார். மரியாதையாகத்தான் சொன்னார், நாளையிலிருந்து கைமடிக்குப் போய்விடுங்கள் என்று. அக்கா எழுந்தார். மிஷினை அணைத்தார். மேனேஜரை விட்டுவிட்டுத் தம்பியைப் பார்த்தார்.

"உன்னைய எம் பையனாட்டம் நெனச்சனே கண்ணு. சூப்பர்வைசர் ஆவறதுக்கு என்னையவா காட்டிக் குடுத்தே?"

லைன் மொத்தமும் நின்றுவிட்டது. தம்பி தலையைக் குனிந்தான். நான் மூன்றடி தள்ளி, கையில் கத்தரியோடு நின்றிருந்தேன். வாயைத் திறந்து, நான்தான் அக்கா என்று சொல்ல எவ்வளவு நேரம் ஆகும்? சொல்லவில்லை. அக்கா சோற்றுப் பையை எடுத்துக்கொண்டு போய்விட்டார், பிறகு வேலைக்கு வரவே இல்லை. அன்றைக்கு மேனேஜர் எனக்கு நன்றி சொன்னார். "உங்க படத்தைப் பாத்துத்தானுங்க நாலாவது மிஷின் வெசயமே தெரிஞ்சுது" என்றார்.

தம்பியோடு அதற்குப் பிறகு யாரும் சேர்ந்து சாப்பிடவில்லை. மதிலோரம் மற்ற மூவர் மட்டும் உட்கார்ந்தார்கள். ஒரு மாதம் பொறுத்துப் பார்த்துவிட்டு அவனும் ஊருக்கே போய்விட்டான் என்று கேள்விப்பட்டேன். வாய்மொழித் தேர்வு முடியட்டும், அக்காவிடம் போய்ச் சொல்லிவிடலாம் என்று எனக்கு நானே சமாதானம் சொல்லிக்கொண்டேன். தேர்வில் அந்தப் படத்தைத்தான் எல்லோரும் பாராட்டினார்கள். அப்புறம் கல்லூரி வேலை, காய்ச்சல், மழை. சாக்கா கிடைக்காது?

ஒருவழியாக அக்காவின் ஊரான குண்டடத்துக்குப் போனேன். அக்கா தன் அண்ணன் வீட்டில் இருந்தார். வெயிலில் வெங்காயம் உலர்த்திக்கொண்டிருந்தார். என்னைப் பார்த்ததும் முகம் மலர்ந்து, "வாங்க அம்மிணி, ஊட்டுக்குள்ள வாங்க" என்று மோர் கொண்டுவந்தார். குடித்துவிட்டால் சொல்ல முடியாது என்று பயந்து, டம்ளரைக் கையில் வைத்துக்கொண்டே சொல்லி முடித்தேன். அறிக்கை, படம், நாலாவது மிஷின், எல்லாம். அழுதுகொண்டுதான் சொன்னேன்.

அக்கா என்னைத் திட்டவில்லை. தன் வலது கையைப் பார்த்தார்.

"அப்போ அந்தப் பையன் சொல்லலீங்களா?"

"இல்லீங்கக்கா."

"நெசமாவே சொல்லலீங்களா?"

அவன் நம்பர் என்னிடம் இருந்தது. கூப்பிடச் சொன்னார். அடித்து, ஸ்பீக்கரில் போட்டு, கைபேசியைத் தரையில் வைத்தேன். அக்காவின் குரலைக் கேட்டதும், கை எப்படி இருக்கிறது, மாத்திரை ஒழுங்காகப் போடுகிறீர்களா என்று விசாரித்தான். அக்கா குறுக்கிட்டார்.

"அம்மிணி இப்பத்தான் எல்லாஞ் சொன்னாங்க கண்ணு. உனக்கு அப்பவே தெரியுமா?"

"தெரியும்க்கா. மேனேஜரு படத்தைக் காட்டித்தான கேட்டாரு. நான் வாயே தொறக்கல."

"அப்பறம் ஏஞ் சாமி எங்கிட்டச் சொல்லல? நாம் பாட்டுக்கு அத்தனை பேரு முன்னால உன்னையப் பேசிப்போட்டனே."

"நான் அங்கயே சொல்லிட்டா ஒருத்தரும் அவங்ககிட்டப் பேச மாட்டாங்க, அவங்க படிப்பு கெட்டுப்போகும்லக்கா. மூணு மாசம் நம்ம கூடவே கெடந்து கஷ்டப்பட்டுச்சு அந்தப் புள்ள. படிப்பு முடிஞ்சதும் அதுவே வந்து உங்ககிட்டச் சொல்லிரும்னு இருந்துட்டேன்."

அக்கா தலை நிமிர்ந்து என்னைப் பார்த்தார்.

"படிப்பு எப்பங்க அம்மிணி முடிஞ்சுது?"

"அஞ்சு மாசம் ஆச்சுங்க" என்றேன்.