விமானத்துக்கு அரக்கு சீல்

போன ஞாயிற்றுக்கிழமை ஜெயந்தி தோற்றுப்போனார்.

கொல்கத்தாவில் பாலிகஞ்ச் ஸ்டேஷனுக்குப் பக்கத்தில் நாங்கள் கூடும் பிரவுசிங் சென்டரில் ஒரே கைதட்டல். கடைக்காரர் தபன்-தா எல்லோருக்கும் சிங்காடா, அதாவது சமோசா, வாங்கிவர ஆள் அனுப்பினார். (இங்கே ‘தா’ என்றால் அண்ணன். நம்மூர் தாதாவை நினைத்துப் பயப்பட வேண்டாம்.) ஜெயந்தியின் விமானத்தைச் சுட்டு வீழ்த்திய சான்யால் பாபு நாற்காலியை விட்டு எழுந்து சபைக்கு வணக்கம் சொன்னார்.

நான் மட்டும் கைதட்டவில்லை. எனக்கு சந்தேகம்.

இந்தப் பக்கத்தைத் தொடர்ந்து படிப்பவர்களுக்கு என் உத்தியோகம் தெரியும். சால்ட் லேக்கில் ஒரு மத்திய அரசு நிறுவனத்தில் விஜிலன்ஸ் செக்ஷன். டெண்டர் பெட்டிக்கு அரக்கு சீல் வைப்பது, யார் யாரோடு டீ குடிக்கப் போகிறார்கள் என்று ஜன்னல் வழியாகப் பார்ப்பது... இதற்குத்தான் சம்பளம். தானாக வந்து நல்லது செய்கிறவர்களைக் கண்டால் எனக்கு இன்னும் அதிகமாகச் சந்தேகம் வரும். வீட்டில் இதனால் எனக்கு நல்ல பெயர் இல்லை.

முதலில் விளையாட்டைச் சொல்லிவிடுகிறேன். உலகப்போர் காலத்துச் சண்டை விமானங்கள். ஆளுக்கொரு கம்ப்யூட்டர், ஆளுக்கொரு ஜாய்ஸ்டிக். எல்லாக் கம்ப்யூட்டரையும் கேபிளால் இணைத்துவிட்டால் எல்லோரும் ஒரே வானத்தில் பறக்கலாம். எதிராளிக்குத் தெரியாமல் அவர் முதுகுக்குப் பின்னால் போய்ச் சுட வேண்டும். அவ்வளவுதான். ஞாயிற்றுக்கிழமை மத்தியானம் சாப்பிட்டுவிட்டுத் தூங்க வேண்டிய வயதில், தலை நரைத்த ஐந்தாறு பேர் இதைச் செய்துகொண்டிருந்தோம் — சந்தோஷமாக.

ஜெயந்தியை அங்கே அழைத்துப்போனது நான்தான். தூத்துக்குடிக்காரர். கணவருக்குத் துறைமுகத்தில் வேலை. மாற்றலாகி இங்கே வந்தவர்கள். மகன் கோயமுத்தூர் ஹாஸ்டலுக்குப் போனபோது ஜாய்ஸ்டிக்கை வீட்டிலேயே விட்டுப்போயிருக்கிறான். அம்மா அதை எடுத்துக்கொண்டார். கணவர் ஷிப்டுக்குப் போனபின் குவார்ட்டர்ஸில் தனியாக, கம்ப்யூட்டரை எதிர்த்துப் பறந்து பழகியிருக்கிறார். வங்காளம் ஒரு வார்த்தை தெரியாது. கேஸ் சிலிண்டர்காரரிடம்கூட சைகைதான். “வாயைத் தொறந்து பேசியே நாளாச்சு அண்ணாச்சி” என்று ஒரு கல்யாண வீட்டில் என்னிடம் சொன்னார். வாருங்கள் என்றேன்.

வந்தார். வந்த நாளிலிருந்து யாராலும் அவரை வீழ்த்த முடியவில்லை.

பின்னால் யார் வந்தாலும் தெரிந்துவிடும் அவருக்கு. சுட விரல் வைக்கும் நேரத்தில் சட்டென்று ஒடித்துத் திரும்புவார். வந்தவர் வேகத்தில் முன்னால் போய்விடுவார். இவர் பின்னால் வந்துவிடுவார். கதை முடிந்தது. ஒருமுறை நடந்தால் அதிர்ஷ்டம். ஒவ்வொரு வாரமும் நடந்தால்?

“முதுகில் கண் இல்லாமல் இது நடக்காது, மோஷாய்” என்றார் சான்யால் பாபு. (‘மோஷாய்’ என்றால் ஐயா.) ரிட்டயர்டு இன்ஜினியர், அதுவரை எங்களில் முதல்வர். “ஏதோ தில்லுமுல்லு இருக்கிறது. நீங்கள்தான் கூட்டிவந்தீர்கள், நீங்களே கண்டுபிடியுங்கள். முடியாவிட்டால் இனி வர வேண்டாம் என்று நீங்களே உங்கள் பாஷையில் பக்குவமாகச் சொல்லிவிடுங்கள்.”

எனக்குத் தர்மசங்கடம். ஆனால் உண்மையைச் சொல்கிறேன், கொஞ்சம் குஷியும்தான். ஆபீஸில் இல்லாத அளவுக்கு இங்கே எனக்கு முழு அதிகாரம்.

இந்த விளையாட்டில் ஏமாற்றும் வழிகள் என்னென்ன என்று விசாரித்தேன். அடேயப்பா. விமானத்தின் விவரம் இருக்கும் ஃபைலைத் திருத்தி எடையைக் குறைத்துவிடலாம். அது மட்டும் விர்ரென்று மேலே ஏறும். பெட்ரோல் தீராமல் செய்யலாம். தோற்கப்போகும் நேரத்தில் நெட்வொர்க் கேபிளைச் சற்றே உருவிச் செருகினால், மற்றவர் திரையில் விமானம் குதித்துக் குதித்து ஓடும்; யாராலும் சுட முடியாது. எதிரி எங்கே என்று காட்டும் மேப்பை ரகசியமாகத் திறந்து வைத்துக்கொள்ளலாம். எதுவுமே தெரியாதவர்கள் பக்கத்து மானிட்டரை எட்டிப் பார்க்கலாம்.

ஒவ்வொன்றுக்கும் பூட்டுப் போட்டேன். எல்லாக் கம்ப்யூட்டரிலும் விளையாட்டை அழித்து, ஒரே சிடியிலிருந்து என் கண்முன்னால் திரும்ப ஏற்றினேன். ஃபைல்களை ஒப்பிட்டுப் பார்த்த பிறகுதான் பறக்க அனுமதி. மேப்பை அணைத்தேன். மானிட்டர்களுக்கு நடுவே டிவி வந்த அட்டைப்பெட்டியை வெட்டித் தடுப்பு வைத்தேன். கேபிள் முனைகளில் — சிரிக்காதீர்கள் — அரக்கு சீல். தபன்-தா தலையில் கை வைத்துக்கொண்டார்.

ஜெயந்தி ஜெயித்தார்.

எதிர்ச் சுவரில் கண்ணாடி போட்ட காளி படம் இருந்தது. அதில் மற்றவர்கள் திரை பிரதிபலிக்குமோ? படத்தைக் கழற்றச் சொன்னேன். “காளி மா ஒருத்தியைத்தான் நீங்கள் இன்னும் சந்தேகப்படவில்லை என்று நினைத்தேன்” என்றார் தபன்-தா. கழற்ற மாட்டேன் என்றுவிட்டார். ஜெயந்தியை இடம் மாற்றி அந்தச் சுவருக்கு முதுகு காட்டி உட்கார வைத்தேன். கோபிக்காமல் மாறி உட்கார்ந்தார். மறுபடி ஜெயித்தார்.

கடைசியில் ஒரு ஞாயிறு நான் பறக்கவில்லை. நாற்காலியை இழுத்துப் போட்டுக்கொண்டு, தேர்வு மேற்பார்வையாளர் மாதிரி அவர் பக்கத்திலேயே உட்கார்ந்துவிட்டேன்.

கொல்கத்தாவில் நாலு பேர் கூடினால் பேச்சு ஓயாது. அதற்கு ‘அட்டா’ என்று பெயர். வெட்டிப் பேச்சு என்று மொழிபெயர்த்தால் சண்டைக்கு வருவார்கள். எங்கள் ஆட்கள் ஜாய்ஸ்டிக்கைப் பிடித்துக்கொண்டே அட்டா நடத்துவார்கள். அன்றைய பேச்சு இலிஷ் மீன். பத்மா நதி மீன் உசத்தியா, கங்கை மீன் உசத்தியா என்று சான்யால் பாபு முழங்கிக்கொண்டிருந்தார். ஜெயந்தி ஒரு கையால் முடி — அதாவது பொரி — தின்றுகொண்டிருந்தார். திரையில் வெறும் மேகம்.

கங்கை மீனின் முட்டையைப் பற்றி ஏதோ சொல்லவந்த சான்யால் பாபு, பாதி வாக்கியத்தில் நிறுத்தினார்.

ஜெயந்தி ஜாய்ஸ்டிக்கை இடதுபக்கம் ஒடித்தார். சான்யால் பாபு விர்ரென்று முன்னால் போனார். அப்புறம் வழக்கம்போலத்தான்.

“எப்படித் தெரிஞ்சுது?” என்றேன்.

“இவங்க பேசுதது எனக்கு ஒண்ணும் புரியாதுல்லா அண்ணாச்சி. சத்தம் மட்டும் கேட்டுக்கிட்டே இருக்கும். திடீர்னு ஒருத்தர் பேச்சு நின்னுச்சுன்னா, குறி பாக்காருன்னு அர்த்தம். எல்லாரும் என் பின்னாடிதானே வாரீங்க.” கொஞ்சம் நிறுத்தி, குரலைத் தாழ்த்திக்கொண்டார். “என்னை வர வேண்டாம்னு சொல்லத்தானே பக்கத்துல உட்கார்ந்தீங்க? அப்படின்னா இப்பவே சொல்லிருங்க. இந்த ஒருநாளை நெனைச்சுத்தான் வாரம் பூரா ஓட்டுதேன்.”

எழுந்து நின்று வங்காளத்தில் எல்லோருக்கும் விஷயத்தைச் சொன்னேன். கொஞ்ச நேரம் யாரும் பேசவில்லை. ஜெயந்தி பழக்கதோஷத்தில் திரும்பிப் பின்னால் பார்த்தார்.

இது ஏமாற்றா, இல்லையா? பெரிய விவாதம் நடந்தது. இல்லை என்று தீர்ந்தது. ஆனால் தடுக்க வேண்டுமே. எல்லோரும் வாய் மூடி விளையாடிப் பார்த்தோம். ஒரு ஆட்டம்கூட முழுசாக முடியவில்லை. “சும்மா இருப்பதற்கு எனக்கு வீடு இருக்கிறது” என்று சான்யால் பாபு எழுந்துவிட்டார். சரி, சுடும்போதும் பேசிக்கொண்டே இருப்போம் என்றோம். பேச்சு ஓடியது, குண்டு எங்கெங்கோ போனது.

கடைசியில் வழி சொன்னவரும் சான்யால் பாபுதான். “புரியாததால்தானே பேச்சு நிற்பதைக் கவனிக்கிறாள்? புரியவைத்துவிடுவோம். வங்காளம் சொல்லிக்கொடுப்போம். பிறகு அவளும் நம்மைப்போல மீனிலேயே இருப்பாள்.”

இப்படி ஒரு தடுப்பு நடவடிக்கையை என் சர்வீஸில் நான் கேள்விப்பட்டதில்லை. அன்றே ஆரம்பித்தார்கள். சில மாதங்களில் ஜெயந்தி கேஸ் சிலிண்டர்காரரோடு வங்காளத்தில் வாய்ச்சண்டை போடும் அளவுக்கு வந்துவிட்டார். மீன் விவகாரத்தில் தூத்துக்குடி வஞ்சிரத்தையும் உள்ளே கொண்டுவந்து, இரண்டு நதிகளையும் ஒன்றாக எதிர்த்தார். ஆனாலும் ஜெயித்துக்கொண்டுதான் இருந்தார். சான்யால் பாபு முகம் வாரத்துக்கு வாரம் சுருங்கியது. முழங்கால் வலி, இனி வருவது கஷ்டம் என்று சொல்லத் தொடங்கினார்.

அப்புறம்தான் போன ஞாயிறு.

சான்யால் பாபு தன் கல்யாணத்தில் சமையல்காரர் ஓடிப்போன கதையைச் சொல்லிக்கொண்டிருந்தார். ஜெயந்தி சிரித்துக்கொண்டே கேட்டார். ஓடிப்போன சமையல்காரரை ரயில்வே பிளாட்பாரத்தில் கண்டுபிடித்த இடத்தில், பேச்சு நின்றது.

நான் ஜெயந்தியின் கையைப் பார்த்தேன். ஜாய்ஸ்டிக்கை இறுக்கிப் பிடித்த விரல்கள்... மெதுவாகத் தளர்ந்தன.

“தார்பொர்?” என்றார். வங்காளத்தில் ‘அப்புறம்?’

அப்புறம் என்ன, டமால். கைதட்டல். சிங்காடா. முழங்கால் வலியை மறந்து சான்யால் பாபு எழுந்து நின்றார்.

திரும்பும்போது பஸ் ஸ்டாப்பில் கேட்டேன். “தெரிஞ்சேதானே விட்டீங்க?”

“கதை சுவாரசியமா இருந்துச்சு அண்ணாச்சி” என்றார். என் முகத்தைப் பார்க்காமல் பஸ் வருகிறதா என்று பார்த்தார். “அந்த மனுஷன் வராம போயிட்டா, அப்புறம் அங்க யாரு பேசுவா?”

ஏமாற்றி ஜெயிக்கிறவர்களைப் பிடிக்க என்னிடம் அரக்கு இருக்கிறது. ஏமாற்றித் தோற்கிறவர்களை என்ன செய்ய?